ராஜதானி தரிசனம்

ஐரோப்பாவில் ஒரு வாரம் சஞ்சாரம் செய்துவிட்டுக் கள்ளக்குறிச்சிக்குத் திரும்பிய என் சிநேகிதர், அதன் பிறகு மூன்று மாத காலம் ரோமாபுரியிலேயே வசித்து வந்தார் என்று சொன்னால் அதில் பிழை இராது. அந்நகரம் ஏழு குன்றுகளின்மேல் அமைந்தது என்பதை அவர் எட்டாவது தடவையாகப் பிரஸ்தாபித்த அன்று, மேற்கே நீலமாய்ப் படுத்திருந்த கல்வராயன் மலையைப் பார்த்தபடியே அக்குன்றுகளின் உயரத்தை விசாரித்தேன். சுமார் ஐம்பது மீட்டர் என்றார். எங்கள் பக்கத்தில் அதற்கு மேடு என்று பெயர், ஆடு மேயும்.

ராஜதானி பார்க்க விமானம் ஏற வேண்டியதில்லை என்று சபதம் செய்து, மறுநாளே அவரைத் திருக்கோவலூருக்கு அழைத்துப் போனேன். 2019-இல் மாவட்டத் தலைநகரான எங்கள் ஊர் அந்த உத்தியோகத்துக்குப் புதிது. மலையமான் திருமுடிக்காரி ஆண்ட திருக்கோவலூரோ அதிலிருந்து ஓய்வு பெற்றுப் பல நூற்றாண்டுகள் கழித்த ஊர்.

பஸ்ஸைவிட்டு இறங்கியதும் சிநேகிதர் கேட்ட முதல் கேள்வி, "அரண்மனை எங்கே?" என்பதுதான். கடையெழு வள்ளல்களில் ஒருவனாகி, கேட்டவர்க்கெல்லாம் வாரிக் கொடுத்தவனுடைய தலைநகரில், மிச்சம் மீதி இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? கொடுத்தது போக நின்றதையும் அதியமான் நெடுமானஞ்சி படையெடுத்து வந்து அழித்துவிட்டுப் போனான். "குதிரைமேல் ராஜா சிலையாவது உண்டா?" என்றார். சிலை கிடக்கட்டும், அங்கே சவாரி செய்யும் ராஜாவின் பெயரைச் சொல்லுகிறவர்கள் சுமக்கிற குதிரையின் பெயரைச் சொல்லுவதுண்டா? இங்கே ராஜாவும் காரி, குதிரையும் காரி.

உலகளந்த பெருமாள் கோயிலின் 192 அடிக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்த பிற்பாடு, அவர் சற்றே மரியாதை காட்டத் தொடங்கினார். உள்ளே, வழக்கத்துக்கு மாறாக வலக்கையில் சங்கும் இடக்கையில் சக்கரமும் ஏந்தி, ஒரு காலைத் தூக்கி நிற்கும் திரிவிக்கிரமனைக் கண்டதும், குறிப்புப் புத்தகத்தை மூடிவிட்டார். பிறகு கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலருகே பெண்ணையாற்றில் நிற்கும் கபிலர் குன்றுக்குப் போனோம். பாரியின் மகளை மலையமான் குடியில் ஒப்படைத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்த செய்தியை அக்கோயிலில் உள்ள இராசராசன் காலத்துக் கல்வெட்டே சொல்லுகிறது என்றேன். சிநேகிதர் ஐந்து நிமிஷம் ரோமாபுரியைப் பற்றிப் பேசவில்லை.

முதலாழ்வார் மூவரும் மழை இரவில் ஒதுங்கிய இடைகழி, ஒருவர் படுக்கவும் இருவர் இருக்கவும் மூவர் நிற்கவும் மட்டுமே இடம் கொண்டது என்பதும், நாலாவதாக ஒருவர் புகுந்து நெருக்க, பாசுர விளக்கேற்றிப் பார்த்தபோது அவர் பெருமாள் என்று தெரிந்தது என்பதும் அவ்வூர் ஐதிகம். அதனை நம்பத் தயங்கிய சிநேகிதருக்குத் திரும்புகிற பஸ்ஸிலேயே நிரூபணம் கிடைத்தது. ஒருவர் நிற்கக்கூடிய இடத்தில் நாங்கள் இருவரும், கூடை ஒன்றோடு ஓர் அம்மாளும், ஆக மூவர் நின்றிருக்க, இருட்டில் நாலாவதாக ஒருவர் எங்களை நெருக்கினார். விளக்கேற்றிப் பார்க்க அவசியம் நேரவில்லை. காதருகே விசில் ஊதினார்.

"சில்லறையாக் குடுங்க சார்!"

சிநேகிதர் பையைத் துழாவினார். அவரிடம் இருந்த சில்லறை முழுவதும், மறுபடியும் வரவேண்டும் என்ற பிரார்த்தனையோடு, ரோமாபுரியின் திரேவி நீரூற்றில் கிடந்தது.