உறங்காத உறக்கமே, உன் பெருமை

மாடர்ன் ஸ்டாண்ட்பை என்னும் மகத்தான உறக்கமே! மடிக்கணினியின் மூடியைச் சாத்தியதும் திரை அணைகிறது. உடையவர் நீ தூங்கிவிட்டதாக எண்ணி நிம்மதியாகப் படுக்கிறார். நீயோ வைஃபையைப் பற்றிக்கொண்டு, மின்னஞ்சல் வந்ததா, அறிவிப்பு வந்ததா என்று இருட்டில் பார்த்தபடி இருக்கிறாய். பதினான்கு ஆண்டு கண் துஞ்சாத இலட்சுமணனுக்குப் பிறகு இப்படியொரு விழிப்பை நாங்கள் கண்டதில்லை. கைப்பேசிக்கு இந்தக் குணம் தேவை. அது அழைப்புக்குக் காத்திருக்கும் கருவி. யாரும் அழைக்காத மடிக்கணினிக்கும் அதை 2015-இல் விண்டோஸ் 10 வழியாக வாரி வழங்கினாயே, அதுவல்லவா வள்ளல்தன்மை!

உனக்கு முன் எஸ்3 என்றொரு பழைய உறக்கம் இருந்தது. இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996-இல் வெளியிட்ட ஏ.சி.பி.ஐ. என்னும் தரநிலை அதற்கு இலக்கணம் வகுத்தது. பாவம், அதற்குத் தெரிந்தது ஒரே வேலை: நினைவகத்துக்கு மட்டும் துளி மின்சாரம் விட்டுவிட்டு, பிராசசர் உட்பட மற்றதையெல்லாம் அணைத்துவிடும். இரவு மூடும்போது இருந்த சார்ஜ் காலையிலும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். எழுந்திருக்க மட்டும் ஓரிரு விநாடி கூடுதலாகும். அந்த விநாடிகளை நீ மிச்சப்படுத்திக் கொடுத்தாய். அவற்றைக் கொண்டு நாங்கள் சார்ஜரைத் தேடுகிறோம். பல புதிய கணினிகளில் எஸ்3-ஐயே எடுத்துவிட்டார்கள். தேர்ந்தெடுக்கும் சிரமமும் எங்களுக்கு வேண்டாமென்ற கருணை!

பைக்குள் வைத்த பிறகும் சில நேரம் விழித்தெழுந்து, காற்றுப் புகாத இடத்தில் வேலை செய்து, பையையே கதகதப்பாக்குகிறாய். மார்கழிப் பயணத்தில் எவ்வளவு பெரிய உதவி! சித்திரையிலும் அதே உதவியை மறக்காமல் செய்கிறாய். லித்தியம் அயனி பேட்டரிக்கு வெப்பம் ஆகாது. அதைச் சீக்கிரமே கிழமாக்கி, புது பேட்டரி விற்பவரின் குடும்பத்தையும் வாழவைக்கிறாய்.

உன் அண்ணன் ஹைபர்னேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நினைவகத்தில் உள்ளதையெல்லாம் வட்டில் எழுதிவைத்துவிட்டு மின்சாரத்தையே நிறுத்திவிடுபவன். வாரக்கணக்கில் கிடந்தாலும், திறந்துவைத்த கோப்பு திறந்தபடியே திரும்பக் கிடைக்கும். இத்தனை நல்லவன்மேல் கண்ணேறு படக்கூடாதென்றுதான் பெரும்பாலான கணினிகளில் விண்டோஸ் அவனைப் பவர் மெனுவில் காட்டுவதில்லை.

இந்த உபசாரம் போதும் என்பவர்கள் கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போங்கள். பவர் பொத்தான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பக்கத்தில், பூட்டிக் கிடக்கும் அமைப்புகளைத் திறக்கும் வரியைச் சொடுக்கி, ஹைபர்னேட்டுக்கு டிக் போடுங்கள். மூடியைச் சாத்தினாலும் அதுவே நடக்கும்படி அங்கேயே மாற்றிவைக்கலாம். பைக்குள் போகும் கணினியை ஹைபர்னேட் செய்துவிட்டே வையுங்கள்.