சாவியாய்ப் போன சாவி: கழுகுமலைக் களத்தை முன்வைத்து ஒரு சிற்றாய்வு

1. ஆய்வின் தேவை

கம்பனில் உவமை, சங்க இலக்கியத்தில் சகுனம் என்று ஆய்வேடுகள் அடுக்கடுக்காய்க் குவிந்துகிடக்கும் நாட்டில், கார் சாவி தொலைதல் பற்றி ஒரு பக்கக் கட்டுரையும் இவ்வாய்வாளரின் கண்ணில் பட்டதில்லை. இப்பெருங்குறையை நீக்கும்பொருட்டு ஆய்வாளர் தம் சொந்தச் சாவியையே தொலைத்துக் களப்பணியைத் தொடங்கினார். ஆய்வுக்காகச் சாவி தொலைந்ததா, சாவி தொலைந்ததால் ஆய்வு பிறந்ததா என்ற ஐயம் எழலாம். முன்னதே என்று ஆய்வாளர் வீட்டில் எடுத்துரைத்தார். நெறியாளர் நிலையில் இருந்த அவர் மனைவி அதை ஏற்கவில்லை.

2. களமும் தரவும்

களம், கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் இடையே கரிசல் காட்டின் நடுவில் நிற்கும் கழுகுமலை. காலம், தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, முற்பகல். காரை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு ஆய்வாளர் பாறையேறினார். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தில் பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து, அடிப்பகுதி முடியாமலே விட்ட வெட்டுவான் கோயிலைச் சுற்றிப் பார்த்தார். பிறகு சமணத் திருமேனிகள் வரிசையாய் அமர்ந்திருக்கும் பாறைமுகத்துக்குப் போனார். திருமேனிகள் பலவற்றுக்கும் அடியில் வட்டெழுத்தில் அதைச் செய்வித்தவர் இன்னார் என்று பெயர் பொறித்திருக்கிறார்கள். ஆயிரத்து இருநூறு ஆண்டு கழித்தும் உரிமையாளர் யாரென்பதில் குழப்பம் இல்லை. இந்தத் தரவை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்க, பின்னர் பயன்படும்.

இறங்கி வந்து கால்சட்டைப் பையில் கைவிட்டார். சாவி இல்லை. அடுத்து மேற்கொண்ட தேடல் முறையியல் உலகப் பொதுவானது: அதே பையில் ஏழு முறை கைவிடுதல், இடப்பக்கம் ஒருபோதும் சாவி வைக்காதவராயினும் இடப்பக்கமும் பார்த்தல், கைக்குட்டையை உதறுதல், கார்க் கண்ணாடி வழியே உள்ளே எட்டிப் பார்த்தல், இறுதியில், கூட வந்தவரிடம் ‘உன்னிடம் கொடுத்தேனே’ எனல். ஐந்தாவது படிநிலையோடு ஆய்வுச் சூழலின் அமைதி கெட்டது.

அடிவாரத்தில் பனங்கிழங்கு விற்றுக்கொண்டிருந்த பாட்டி ஒருவர் இதையெல்லாம் கவனித்திருந்தார். அவருடன் நிகழ்ந்த நேர்காணல் அப்படியே தரப்படுகிறது:

“என்னத்தய்யா தேடுத?”

“சாவி போச்சு ஆத்தா.”

“அடப் பாவமே. எத்தனை குறுக்கம்?”

“...”

“கம்பா, சோளமா?”

3. சொல்லாராய்ச்சி

பாட்டியின் கேள்வியில் பிழையில்லை. தமிழில் ‘சாவி’ இரண்டு. ஒன்று கடல் கடந்து வந்தது. போர்த்துக்கீசியர் ‘ஷாவ்’ என்று சொன்னதை நாம் ஜன்னலோடும் அலமாரியோடும் சேர்த்து வாங்கி வைத்துக்கொண்டோம். யாழ்ப்பாணத்தார் இக்கடனை வாங்காமல் இன்றும் ‘திறப்பு’ என்றே சொல்கிறார்கள். மற்றொன்று மண்ணில் விளைந்தது, சரியாகச் சொன்னால் விளையாமல் போனது. கதிர் வந்து, பார்வைக்குக் கதிராகவே நின்று, மணி பிடிக்காமல் உமியாய்ப் போன பயிர் சாவி. ஐப்பசி, கார்த்திகையில் மழை ஏமாற்றினால் கரிசலில் ‘வெள்ளாமை சாவியாப் போச்சு’ என்பார்கள். ஒரு குறுக்கம் ஏறத்தாழ ஓர் ஏக்கர். ஆகவே பாட்டி இழப்பின் பரப்பளவைத்தான் கேட்டிருக்கிறார்.

சா. விஸ்வநாதன் தம் பெயரைச் சுருக்கிச் ‘சாவி’ என எழுதிப் புகழ்பெற்றது மூன்றாம் பொருள். அது தொலையக்கூடியதன்று, எனவே இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

முதலிரு சொற்களுக்கும் தொடர்பில்லை என்பர் மொழியியலார். இன்றைய கார் சாவியின் இயல்பை அறியாமல் அவர்கள் அப்படிச் சொல்லிவிட்டார்கள் என நிறுவுவதே இக்கட்டுரையின் கருதுகோள்.

4. முன்னோடிகளின் கருத்துகள்

பூட்டைப் பற்றிய பெருமிதம் பழையது; அது உடைந்த கதையும் பழையதே. இலண்டனில் ஜோசப் பிராமா தம் கடைக் கண்ணாடிக்குப் பின் ஒரு பூட்டை வைத்து, இதைச் சாவியின்றித் திறப்பவருக்கு 200 கினி பரிசு என 1790ஆம் ஆண்டில் அறிவித்தார். 1851இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஹாப்ஸ் என்பவர் 16 நாள்களில் மொத்தம் 51 மணிநேரம் உட்கார்ந்து அதைத் திறந்தார். அறுபது ஆண்டு நிம்மதி ஒரு பதினாறு நாளில் முடிந்தது. நம் பக்கம் 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டுக்கும் மாங்காய் வடிவத்தாலும் கனத்தாலும் ஒரு கௌரவம் உண்டு. அதைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட உள்ளிருக்கும் பொருளைத் தூக்குவது எளிது.

1883இல் ஆகுஸ்ட் கெர்க்காஃப்ஸ் என்ற டச்சுக்காரர் மறையெழுத்துக்கு ஒரு விதி வகுத்தார். ஏற்பாடு முழுவதும் எதிரிக்குத் தெரிந்திருந்தாலும் கெடுதல் நேரக்கூடாது. சாவி மட்டும் இரகசியமாக இருந்தால் போதும். கரிசல் ஊர்களில் இவ்விதி தலைகீழாக நடைமுறையில் உள்ளது. வீட்டுச் சாவி நிலைப்படிக்கு மேலே இருக்கும், அல்லது ஆட்டுரல் குழிக்குள் இருக்கும். அது தெரு முழுவதற்கும் தெரியும். ஆனால் அந்நியன் ஒருவன் தெருவுக்குள் நுழைந்தால் திண்ணையிலிருந்து ‘யாரு வேணும்?’ என்றொரு குரல் வரும். இங்கே பூட்டு வேலையைச் செய்வது அந்தக் குரல். இரும்புப் பூட்டு, கதவு காற்றுக்கு அடிக்காமல் பார்த்துக்கொள்கிறது.

5. உமியும் மணியும்

பழைய கார்களில் சாவியின் உயிர் அதன் பல்லில் இருந்தது. பல்லைப் பார்த்து அரம் போட்டால் இன்னொரு சாவி பிறக்கும். பஸ் நிலையத்து ஓரம் குடைக்கடியில் அமர்ந்திருக்கும் சாவிக்காரர், வெட்டாத சாவியைப் புகையில் கருக்கிப் பூட்டுக்குள் விட்டுத் திருப்பி, கரி அழிந்த இடமாய்ப் பார்த்து ராவி, அரைமணியில் கொடுத்துவிடுவார்.

இப்போதும் கொடுப்பார். கதவு திறக்கும். சாவி திரும்பும். என்ஜின் செருமும், ஓரிரு நொடி உறுமும், பிறகு அடங்கிவிடும். சில வண்டியில் உறுமவே உறுமாது. டேஷ்போர்டில் பூட்டு போட்ட குட்டிக் கார் ஒன்று சிவப்பாய்க் கண்ணடிக்கும். கழுகுமலை மெக்கானிக் ஒருவர் இதைச் சுருங்கச் சொன்னார்: “கதவத் தொறந்துருவேன் அண்ணாச்சி. ஓட்ட வைக்க நான் பத்தாது.”

காரணம், சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் புளியங்கொட்டையளவில் ஒரு சிப் இருக்கிறது. அதற்கு பேட்டரி இல்லை. பேட்டரி பொத்தான்களுக்கு மட்டுமே. சாவித்துளையைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒரு காந்தப்புலத்தை எழுப்ப, அந்தத் தூண்டலிலேயே சிப் விழிக்கிறது. உடனே கார் ஓர் அழிப்பாங்கதை (விடுகதை) போடுகிறது. அதாவது, தோன்றியபடி ஓர் எண்ணைச் சொல்கிறது. சிப் தன்னிடமுள்ள இரகசிய எண்ணோடு அதைப் பிசைந்து விடை தருகிறது. காரும் தனியே அதே கணக்கைப் போட்டு ஒத்துப்பார்க்கிறது. விடை சரியென்றால் எரிபொருள் விடும், தவறென்றால் விடாது. இரகசிய எண் ஒருபோதும் வாய்விட்டுச் சொல்லப்படுவதில்லை. கதை ஒவ்வொரு முறையும் மாறுவதால் நேற்றைய விடையை ஒட்டுக்கேட்டவனுக்கு இன்று பயனில்லை.

கதவைத் திறக்கும் பொத்தானும் ஒருமுறை சொன்னதை மறுமுறை சொல்லாது. ஒவ்வொரு அமுக்குக்கும் ஓர் எண் முன்னேறும். காரும் கூடவே எண்ணும். வீட்டுக் குழந்தை சாவியைப் பிடித்துக்கொண்டு நாள் முழுவதும் அமுக்கினால் சாவி வெகுதூரம் எண்ணிப் போய்விடும். கார் பழைய இடத்திலேயே நிற்கும். தம்பதியர்க்குள்ளும் இது நேர்வதுண்டு.

ஆக, கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது. பல் என்பது உமி, சிப்பே மணி. கடைத்தெருவில் ராவி வாங்கிய மாற்றுச் சாவி இருபொருளிலும் சாவியே.

6. களைகள்

இந்தச் சிப் ஏற்பாட்டால் பயன் உண்டா என்றால் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 1998 முதல் புதிய கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. நெதர்லாந்தின் 1995–2008 கணக்குகளை ஆராய்ந்த இரு பொருளியலாளர், கார்த் திருட்டு சுமார் 40 சதவீதம் குறைந்ததாகக் கண்டனர். அமெரிக்காவில் இரண்டு நிறுவனங்கள் பல மாடல்களில் இதை வைக்காமல் மிச்சம் பிடித்தன. 2021க்குப் பிறகு அந்தக் கார்களைப் பள்ளிப் பிள்ளைகள் ஓட்டிக்கொண்டு போய்ப் படமெடுத்து உலகுக்குக் காட்டினர்.

ஆயினும் ஹாப்ஸின் வாரிசுகள் எங்கும் உளர். 2005இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தாரும் ஆர்எஸ்ஏ ஆய்வகத்தாரும் சேர்ந்து அப்போது பரவலாயிருந்த 40 பிட் சிப் ஒன்றை உடைத்தனர். 40 பிட் என்றால் சுமார் 1,10,000 கோடி எண்கள். கேட்க மலைப்பாயிருக்கும். 16 கணிப்புச் சில்லுகளை வரிசையாய் உட்காரவைத்து ஒரு மணிநேரத்துக்குள் எண்ணி முடித்துவிட்டனர்.

பையைவிட்டு எடுக்கவே வேண்டாத, தீப்பெட்டியளவு ‘ஸ்மார்ட் கீ’ வந்தபின் திருடனின் வேலையும் இலகுவானது. சாவி பக்கத்தில் இருக்கிறதா என்று கார் மெல்லக் கேட்கும். ஒருவன் காருக்கருகிலும் இன்னொருவன் வீட்டு வாசலிலும் கருவியோடு நின்று அந்தக் கேள்வியையும் விடையையும் கடத்திவிட்டால், கூடத்து ஆணியில் தொங்கும் சாவி தன் கையருகே இருப்பதாகவே கார் நம்பிவிடும். சூரிக் நகரத்து ஆய்வாளர் 2011இல் எட்டு நிறுவனங்களின் பத்து மாடல்களில் செய்துகாட்டினர், பத்தும் நம்பின. இதற்கு மாற்று, சாவியை அலைபுகாத உறையில் வைப்பது. மூடி இறுக்கமான எவர்சில்வர் சம்புடத்தையும் சோதித்துப் பார்க்கலாம். அதைக் கையில் பிடித்துக்கொண்டு காருக்கருகே போய், கதவு திறக்காவிட்டால் சம்புடம் தேர்ச்சி.

7. மாற்றுச் சாவிப் படலம்

இரண்டாம் சாவி என ஒன்று எப்போதும் தரப்படுகிறது. ஆய்வாளருடையது பீரோவுக்குள் பத்திரமாக இருந்தது. பீரோவின் சாவி, கார் சாவியோடு ஒரே வளையத்தில் கோத்திருந்தது. பீரோவை உடைத்துத் திறந்தபோது, இரண்டாம் சாவியை முந்தைய ஆண்டே வேறெங்கோ ‘இதைவிடப் பத்திரமாக’ மாற்றிவைத்தது நினைவுக்கு வந்தது. அந்த இடம் மட்டும் நினைவுக்கு வரவில்லை. இரண்டு சாவியும் இல்லாதவர்க்கு வேறொரு சிக்கலும் உண்டு: கார் திருடுபோனால் காப்பீட்டார் முதலில் கேட்பது இரண்டு சாவியையும்தான்.

நடைமுறை வருமாறு. காவல் நிலையத்தில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது பெறல். ஆர்.சி. புத்தகம், ஆதார், சேஸிஸ் எண் ஆகியவற்றைப் பணிமனையில் காட்டல். அவர்கள் அந்த எண்ணைக் கொண்டு சாவி வரவழைத்தல். ஸ்டியரிங் பூட்டிக்கொண்டதால் உருட்டவும் முடியாத காரை லாரியில் ஏற்றிப் போதல். காரின் வயிற்றிலுள்ள செருகியில் கணினியை மாட்டிப் புதுச் சாவிகளைக் காருக்கு அறிமுகம் செய்வித்தல். அப்போது பழைய சாவிகளை நினைவிலிருந்து அழித்துவிடுவார்கள். தொலைந்தது எவன் கையிலிருந்தாலும் அதன்பின் ஓடாது. செலவு, ஒரு குவிண்டால் உளுந்து விற்ற காசு. காப்பீட்டில் சாவிக்கெனத் தனியே ஒரு சேர்ப்பு உண்டு என்பதை ஆய்வாளர் பிறகு அறிந்தார்.

இதற்கிடையே கார் அடிவாரத்தில் ஒன்பது நாள் நின்றது. கரிசல் புழுதி படிந்து நிறம் மாறியது. ஆடுகள் நிழலுக்கு ஒதுங்கின. ‘அந்தக் காரு நிக்கிற இடத்துக்குக் கீழ்ப்பக்கம்’ என ஊரார் வழிசொல்லத் தொடங்கினர். தினமும் பஸ்ஸில் வந்து அதைப் பார்த்துவிட்டுப் போன ஆய்வாளரை டீக்கடைக்காரர் முதல் ஆடு மேய்ப்பவர் வரை எல்லோரும் அறிந்திருந்தனர். அறியாதது ஐந்து ஆண்டாகத் தவணை கட்டிய அந்தக் கார் ஒன்றுதான்.

8. ஆய்வு முடிவு

இன்றைய பூட்டு சாவியை அடையாளம் காண்பதில் தேர்ந்துவிட்டது. ஆளை அடையாளம் காணும் பொறுப்பை ஆட்டுரல் காலத்திலேயே கைகழுவிவிட்டது.

பிற்சேர்க்கை

மூன்று வாரம் கழித்துப் புதுச் சாவியோடு ஆய்வாளர் மீண்டும் களத்துக்குச் சென்றார். பாட்டி கூப்பிட்டார். சுருக்குப்பையை அவிழ்த்து, வெற்றிலைக் காம்பு, சில்லறைக்கு நடுவிலிருந்து பழைய சாவியை வளையத்தோடு எடுத்தார். ஆடு மேய்க்கும் பையன் பாறை இடுக்கில் கண்டெடுத்துக் கொடுத்தானாம். ரசீது கேட்கவில்லை, ஆதார் கேட்கவில்லை. “ஒன் மொகந்தான் தெரியுமே, பையில ஏழு தடவை கைய விட்டியே” என்றார்.

அதைக் காரில் போட்டுத் திருப்பியபோது கதவு திறந்தது. என்ஜின் செருமி அடங்கியது. உள்ளே மணி இருந்தும் நிலம் அதை மறந்துவிட்டது என்று ஆய்வாளர் விளக்கினார். வேண்டுமானால் அதையும் திரும்பக் காருக்கு அறிமுகம் செய்யலாம், கூடுதல் பணம் கேட்கிறார்கள் என்றும் சொன்னார்.

பாட்டி கடைசிவரை கேட்டுவிட்டு ஒரு கட்டுப் பனங்கிழங்கை எடுத்து நீட்டினார்.

“சாவின்னு தூரப் போட்டுறாதய்யா. எங்க காட்டுல மாடாவது திங்கும்.”