நடுவில் கிடைத்த இரண்டு நிமிடம்

எண்பதுகளின் தொடக்கத்தில் சித்தூரில் ஓட்டப் பயிற்சி என்றால் ஒன்றுதான். டிரில் மாஸ்டர் விசில் ஊதுவார். மறுபடி ஊதும்வரை மைதானத்தைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளர்ந்த எங்களுக்கு "பரிகெத்துரா!" (ஓடுடா!) என்ற அந்த அதட்டல் இன்னும் காதில் நிற்கிறது. நடுவில் நின்றால் பிரம்பு. தண்ணீர் கேட்டால், ஓடும்போது குடித்தால் வயிற்றைப் பிடிக்கும் என்பார்கள். இயல்பாகவே கால் வீச்சு உள்ள நாலைந்து பையன்கள் தேறினார்கள். மற்றவர்கள் தங்களுக்கு ஓட்டம் வராது என்று முடிவு கட்டி, கடைசிவரை அதையே நம்பினார்கள். எனக்கு ஆறாத வருத்தம் இதுதான்.

இப்போது தங்கை மகன் திருப்பதியில் ராணுவத்தின் அக்னிவீர் தேர்வுக்குத் தயாராகிறான். 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால் ஓட்டத்துக்கு முழு மதிப்பெண், 60. அதாவது 400 மீட்டர் சுற்று ஒவ்வொன்றும் 82 விநாடி சொச்சத்தில், விடாமல் நான்கு. ஒரு விடியற்காலையில் அவனோடு மைதானத்துக்குப் போனேன். 80 விநாடியில் ஒரு சுற்று ஓடினான். பிறகு இரண்டு நிமிடம் இடுப்பில் கை வைத்து மெதுவாக நடந்தான். மறுபடி ஓட்டம், மறுபடி நடை. இப்படி ஆறு சுற்று. நான்கு சுற்றைச் சேர்த்து ஓடினால் மூன்றாவதிலேயே தளர்ந்துவிடுகிற பையன், நடுவில் நடக்க விட்டதால் அதே வேகத்தில் 2,400 மீட்டர் ஓடி முடித்திருந்தான்.

"நடக்கிறதையும் சரியா நடக்கணும் மாமா. அவசரப்பட்டா அடுத்த ரவுண்டு போயிடும்" என்றான்.

இது புதிதாக வந்த சரக்கு அல்ல. ஜெர்மனியின் ஃப்ரைபர்கில் பயிற்சியாளர் வோல்டெமர் கெர்ஷ்லரும் இதய மருத்துவர் ஹான்ஸ் ரைண்டெலும் இதைக் கணக்கிட்டுச் செய்தார்கள். நாடித்துடிப்பு 180 வரை ஏறும்படி ஓடு, 120க்கு இறங்கும்வரை பொறு, பிறகு ஓடு என்றார்கள். இதயம் வலுப்படுவது அந்தப் பொறுக்கிற நேரத்தில்தான் என்பது அவர்கள் கருத்து. கெர்ஷ்லரிடம் பழகிய ருடால்ஃப் ஹார்பிக் 1939இல் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் சாடோபெக் 400 மீட்டரைத் திரும்பத் திரும்ப ஓடிப் பழகி, 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்றார். நாங்கள் பிரம்படி வாங்குவதற்கு முப்பது வருஷம் முன்பே உலகம் அறிந்த சங்கதி. எங்கள் பக்கம் வந்து சேரத்தான் இத்தனை காலம் ஆனது.

காலை எப்படி ஊன்றுவது என்பதில் கதை வேறு. அன்று எங்களுக்கு ஷூ கிடையாது. சரளைக் கல்லில் வெறுங்காலோடு ஓடும்போது குதிகாலை அடித்து வைத்தால் உச்சந்தலைவரை வலிக்கும். பாதத்தின் முன்பகுதி தானாகவே முதலில் இறங்கும். 1978இல் ஜலந்தரில் மாரத்தானை 2 மணி 12 நிமிடத்தில் முடித்த சிவ்நாத் சிங் வெறுங்காலில் ஓடிப் பேர் பெற்றவர். 2010இல் ஹார்வர்டின் டேனியல் லீபர்மன் குழு வெறுங்கால் ஓட்டத்தை ஆராய்ந்து, வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தில் இறங்குகிறார்கள், அதனால் குதிகாலில் விழும் திடீர் அதிர்ச்சி அவர்களுக்கு ஏற்படுவதில்லை என்று எழுதியது.

அதைப் பிடித்துக்கொண்டு, குதிகாலில் ஓடுவதே தப்பு என்று பையன்களுக்கு இன்று வீடியோவில் போதிக்கிறார்கள். தங்கை மகனின் கூட்டாளி ஒருவன் ஒரே வாரத்தில் முன்பாதத்துக்கு மாறப்போய், கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு நொண்டினான். முழங்காலுக்குக் குறைகிற சுமை கெண்டைக்காலுக்கும் குதிகால் தசைநாணுக்கும் போகிறது; அதைத் தாங்கப் பல மாதப் பழக்கம் வேண்டும். ஜப்பானில் ஓர் அரை மாரத்தானின் 15ஆவது கிலோமீட்டரில் படம் பிடித்துப் பார்த்து 2007இல் வெளியிட்டார்கள்: தேர்ந்த ஓட்டக்காரர்களிலேயே சுமார் முக்கால்வாசிப் பேர் குதிகாலில்தான் இறங்கினார்கள்.

பாதத்தின் எந்தப் பகுதி முதலில் படுகிறது என்பதைவிட, பாதம் எங்கே விழுகிறது என்றுதான் பார்க்க வேண்டும். உடம்புக்கு வெகு முன்னால் காலை நீட்டிப் போட்டால் ஒவ்வோர் அடியும் பிரேக் போட்ட மாதிரிதான். அடியைச் சற்றுக் குறுக்கி, நிமிடத்துக்கான அடிகளை 5 முதல் 10 சதவீதம் கூட்டினால் முழங்காலில் விழும் பாரம் குறைகிறது. திருப்பதி மலையின் அலிபிரிப் பாதையில் வெறுங்காலோடு படியிறங்குகிறவர்களைக் கவனித்தால் இது புரியும். எட்டிக் கால் வைப்பவருக்கு முழங்கால் போய்விடும், சின்னச் சின்ன அடியாக வைப்பவர் நிம்மதியாக இறங்குவார்.

அந்தத் திருப்பதி மைதானத்தில் கான்ஸ்டபிள் தேர்வுக்காகப் பெண்பிள்ளைகளும் ஓடினார்கள். எங்கள் காலத்து மைதானத்தில் ஒருத்தியைக்கூடப் பார்த்ததில்லை. அவர்களில் பலர் அதிகாலை பஸ் பிடித்து வந்து, தினமும் உயிரைக் கொடுத்து ஓடுகிறார்கள். வாரத்தில் இரண்டு நாள் நடுவில் நடை விட்டு ஓடும் வேகச் சுற்று போதும், மற்ற நாள் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஓடலாம் என்று யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துப் பலமநேரிலும் புங்கனூரிலும் தார் ரோட்டில் தனியாக ஓடிக்கொண்டிருக்கிற பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும்.