யானைக்கவுனியில் லினக்ஸ் நிறுவலும் பழி சேரும் முறையும்: ஓர் அளவையியல் ஆய்வு

துணிபை முதலிலேயே சொல்லிவிடுவது ஆய்வு மரபு. யானைக்கவுனியில் ஒரு வீட்டுக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்ட அன்று வெளிப்படும் கோளாறு, பெரும்பாலும் அதற்கு முந்தின நாளும் உள்ளேதான் இருந்தது. பெட்டியை ஒருவர் முழுசாகச் சோதித்தது அன்றுதான் என்பதால் அன்று பிடிபட்டது. தருக்க நூலார் இந்த மயக்கத்தைக் காகதாலீய நியாயம் என்பர். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பது நம் வழக்கு. அந்தக் காலத்தில் கருப்பர் நகருக்கு மதில் கட்டிய கும்பினியார் அதற்கு வரி போட நினைத்தார்கள். வரி வசூலாகவில்லை, ஆனால் வால்டாக்ஸ் சாலை என்ற பெயர் தங்கிவிட்டது. செய்யாத குற்றத்தின் பெயர் லினக்ஸுக்குத் தங்கியதும் அவ்வாறே.

வரலாற்றுப் பின்புலம் சுருக்கமானது. 2011இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினியில் விண்டோஸோடு சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் வந்தது. 2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய பெட்டிகள் ஒரே நாளில் அநாதை ஆயின. வீட்டுக் கல்லூரிப் பிள்ளை பென்டிரைவை எடுத்தது இங்கிருந்துதான்.

இனி அளவைகள். காண்டல், கருதல், உரை என்பது நூல் வரிசை. யானைக்கவுனியில் உரைக்கே முதலிடம். அதாவது சர்வீஸ் அண்ணன் வாக்கு. "இன்னா தம்பி, லினக்ஸா போட்ட? அத்த போட்டா அப்டிதான் ஆவும்." இதற்கு மேல் மேல்முறையீடு கிடையாது.

காண்டல் அளவை திரையில் தொடங்குகிறது, அல்லது திரை கறுத்துப்போவதில். கிராபிக்ஸ் டிரைவர் ஒத்துவராத இடத்தில் இது நடக்கும். 2012இல் பின்லாந்தில் ஒரு கூட்டத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்விடியா நிறுவனத்தை நோக்கி ஒரு விரலைக் காட்டினார். எந்த விரல் என்று உரைகாரர்கள் விளக்குவதில்லை. பரிகாரம் அதைவிட எளிது. தொடக்கப் பட்டியலில் 'இ' விசையைத் தட்டி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் நோமோட்செட் என்று சேர்த்தால் கர்னல் திரை அமைப்பில் கை வைக்காது. படம் கொஞ்சம் மங்கலாக வரும், ஆனால் வரும். உள்ளே போய்ச் சரியான டிரைவரைப் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது வைஃபை. சில பழைய பிராட்காம் சில்லுகளுக்குத் தனி ஃபர்ம்வேர் வேண்டும். ஃபர்ம்வேரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும். இது சுத்தமான அன்னியோன்னியாசிரயம். நியாய நூலார் இதைக் குற்றமாகச் சொல்லி நிறுத்திக்கொண்டார்கள், தீர்வு சொல்லவில்லை. தீர்வு சட்டைப் பையில் இருக்கிறது: கைபேசியை யுஎஸ்பி வயரில் செருகி டெதரிங் போட்டால் போதும். 2023இல் வந்த டெபியன் 12 முதல் இத்தகைய ஃபர்ம்வேர் பலவும் நிறுவும் கோப்பிலேயே சேர்ந்து வருகிறது. குற்றம் பாதி நீங்கியது.

கால மயக்கம் தனி இயலுக்கு உரியது. விண்டோஸ் மதர்போர்டு கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை எழுதும். லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதும். இரண்டும் குடியிருக்கும் பெட்டியில் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போனால் கடிகாரம் சரியாக 5 மணி 30 நிமிடம் நகர்ந்திருக்கும். இது பிழையல்ல, இந்திய நேரத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம். தேதியே பல வருடம் பின்னால் போயிருந்தால் அது வேறு நோய்: பட்டன் பேட்டரி, சிஆர் 2032, 3 வோல்ட், செத்திருக்கிறது. அப்போது பெரும்பாலான இணையதளங்கள் திறக்காது. இந்தச் சான்றிதழ் இன்னும் செல்லுபடிக்கே வரவில்லை என்று பெட்டி அடம்பிடிக்கும். கைக்கடிகாரக் கடைக்காரர் தரும் மருந்து இதற்குப் போதும். ஆனால் அவரை யாரும் கேட்பதில்லை.

கருதல் அளவைதான் இவற்றில் உயர்ந்தது, அதனாலேயே புழக்கத்தில் இல்லை. நிறுவல் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால் பென்டிரைவையோ டிஸ்க்கையோ சந்தேகிக்க வேண்டும். ஒருமுறை பாதியில், மறுமுறை முக்காலில் என்று இடம் மாறி மாறி நின்றால் ரேம். தொடக்கப் பட்டியலில் மெம்டெஸ்ட் இருந்தால் ராத்திரி முழுக்க ஓடவிட வேண்டும். காலையில் சிவப்பு வரிகள் தெரிந்தால் வழக்கு முடிந்தது. டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் பென்டிரைவிலேயே லினக்ஸை ஓட்டிப் பார்ப்பது வியதிரேகச் சோதனை: அது இல்லாதபோது இது இல்லையா என்று கேட்பது.

ரேம் விஷயத்தில் புவியியலையும் சேர்க்க வேண்டும். துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவதை உயர் நீதிமன்றம் 2011இல் நிறுத்தச் சொல்லும்வரை வடசென்னைக் காற்றில் கரித்தூள் கலந்திருந்தது. அது குறைந்தாலும் உப்புக்காற்றும் லாரிப் புழுதியும் குறையவில்லை. பெட்டியின் பக்கத்து மூடியைத் திறந்தால் விசிறி இறக்கைகளில் கம்பளி நெய்திருக்கும். ரேமின் மஞ்சள் பற்களில் படிந்த அழுக்கே பாதி வழக்குகளுக்கு மூலம்.

மாலை சர்வீஸ் அண்ணன் வருவார். ரேமைப் பிடுங்குவார், பாப்பாவின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து ரப்பரை வாங்கிப் பற்களைத் தேய்ப்பார், ஊதுவார், மாட்டுவார். பிறகு விண்டோஸைப் போடுவார். பெட்டி ஓடும்.

"பாத்தியாக்கா? அத்த எடுத்தேன், சரியா பூட்ச்சி."

"நான் அன்னிக்கே சொன்னேன்பா. அது வந்ததுலருந்து ஃபேன் கூட சத்தம் போடுது."

மின்விசிறி குறித்த இவ்வாதம் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.