கேட்காதே, சொல்லாதே!

கேள்வி: தன்பாலீர்ப்பாளர்கள் வெளிப்படையாகப் பணியாற்றினால் ராணுவக் கட்டுப்பாடு குலைந்துவிடாதா?

பதில்: அமெரிக்கத் தளபதிகள் பலரும் அப்படித்தான் பயந்தார்கள். அதிபர் கிளின்டன் காலத்தில், 1993-இல் ஒரு சமரசம்: 'நாங்கள் கேட்க மாட்டோம், நீங்களும் சொல்லாதீர்கள்.' கல்யாணத் தரகர் எழுதிய சட்டம் போல! அப்படியும் விஷயம் வெளியே தெரிந்து சுமார் 13,000 பேர் வேலையிழந்தார்கள். அவர்களில் அரபி படித்த மொழிபெயர்ப்பாளர்களும் உண்டு. அதுவும் செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, அரபி தெரிந்த ஆளுக்கு ராணுவம் அலைந்த நேரத்தில்!

அதற்கும் முன்பே, 1975-இல், வியட்நாமில் காயம்பட்டுப் பதக்கம் வாங்கிய விமானப்படை வீரர் லியோனார்ட் மாட்லோவிச் உண்மையைச் சொன்னார், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இருவரைக் கொன்றதற்குப் பதக்கம், ஒருவரை நேசித்ததற்குப் பணிநீக்கம் என்று தன் கல்லறையில் பொறித்துவைத்துப் போனார் மனிதர்.

2011 செப்டம்பரில், வெளிப்படையாகப் பணியாற்ற இருந்த தடை ஒழிந்தது. கட்டுப்பாடு ஒன்றும் குலையவில்லை.