தட்டத் தெரியாதவன்

என் வலது முழங்கை முழுசாக நீளாது. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்து நின்றால் லேசாக மடங்கியே இருக்கும். ஆபீஸில் கேட்டவர்களிடம் பைக்கில் விழுந்துவிட்டேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அம்மாவிடம் பாத்ரூமில் வழுக்கிவிட்டது. அம்மாவும் ஆபீஸும் சந்தித்துக்கொள்ள வாய்ப்பில்லை என்கிற தைரியத்தில் இரண்டு கதைகளும் மூன்று வருடமாக ஓடிக்கொண்டிருக்கின்றன.

நடந்தது வேறு. பி.காம். இரண்டாம் வருடம் படிக்கும் ஒரு பெண், என்னைவிட இருபத்தைந்து கிலோ குறைந்தவள், என் கையைத் தன் இரண்டு தொடைகளுக்கு நடுவில் சிக்கவைத்து, மணிக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, இடுப்பை மெதுவாக உயர்த்தினாள். "அண்ணா, தட்டிடுங்க" என்றாள். நான் தட்டவில்லை. "அண்ணா, ப்ளீஸ்ண்ணா" என்றாள். அப்போதும் தட்டவில்லை. முருங்கைக்காயை ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதற்கப்புறம் தட்டினேன், இடது கையால்.

பிரேசிலிய ஜூஜிட்சு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இதில் குத்து, உதை கிடையாது. இரண்டு பேர் தரையில் உருண்டு புரண்டு, ஒருவர் மற்றவரின் கழுத்தையோ மூட்டையோ பிடித்து இறுக்க வேண்டும். சிக்கியவர் எதிராளியின் உடம்பிலோ தரையிலோ இரண்டு மூன்று தடவை தட்டினால் உடனே பிடியை விட்டுவிடுவார்கள். கை கொடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். இந்தத் தட்டு ஒன்று இருப்பதால்தான் முழு பலத்தோடு மோதிவிட்டு, மறுநாள் காலையில் எல்லாரும் அவரவர் வேலைக்குப் போக முடிகிறது. ஒரே சாயங்காலத்தில் பத்துத் தடவை தட்டிவிட்டு, டீ குடிக்கப் போகிறவர்கள் உண்டு. முதல் நாள் முதல் பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான்.

அன்று சாயங்காலம் புதிதாகச் சேர்ந்த நாலு பேருக்கு அந்தப் பத்து நிமிடப் பாடத்தை எடுத்தது நான்தான். "ஈகோவை வெளியில செருப்போட விட்டுட்டு வாங்க" என்று வேறு சொல்லியிருந்தேன். என் செருப்பு மட்டும் வெளியில் இருந்தது.

பிஸியோதெரபிக்குப் போன இடத்தில், எண்ணெய் தடவிக்கொண்டிருந்த இளைஞரிடம் என் தரப்பு நியாயத்தை விளக்கினேன். 1951 அக்டோபரில், ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா மைதானத்தில், ஹீலியோ கிரேஸி என்கிற பிரேசில்காரர் மசாஹிகோ கிமுராவோடு மோதினார். கிமுரா அவர் கையைப் பின்பக்கமாக முறுக்கினார். எலும்பு உடைகிற சத்தம் கேட்டதாக கிமுராவே பிற்பாடு எழுதியிருக்கிறார். ஹீலியோ தட்டவில்லை. கடைசியில் அவர் பக்கத்து ஆட்கள்தான் போட்டியை நிறுத்தினார்கள். அந்தப் பிடிக்கே இன்று உலகம் முழுவதும் கிமுரா என்றுதான் பெயர். ஹீலியோவுக்கு அப்போது 38 வயது. நான் ஒயிட் பெல்ட் கட்டினதும் அதே 38 வயதில்.

"அவரை முறுக்கினது யாரு சார்?"

"ஜப்பானோட பெரிய ஜூடோ சாம்பியன்."

"உங்களை?"

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆறு வாரம் ஸ்பூனில் சாம்பார் சாதம் சாப்பிட்டேன். சட்டைப் பட்டனை மனைவி போட்டுவிட்டாள். "மூணு தட்டு தட்டறதுக்கு என்ன கேடு?" என்று ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு தடவை கேட்டாள். சட்டையில் ஏழு பட்டன்.

கையோடு போயிருந்தாலாவது பரவாயில்லை. கழுத்துப் பிடி என்று ஒன்று இருக்கிறது. பார்க்கிறவர்கள் மூச்சை நிறுத்துவதாக நினைப்பார்கள். சரியாகப் போட்டால் மூச்சுக்குழாய் மேல் கையே படாது. கழுத்தின் இரண்டு பக்கமும் மூளைக்கு ஏறுகிற ரத்தக் குழாய்களைத்தான் அமுக்குவார்கள். பெரிதாக வலிக்காது, அதில்தான் ஆபத்து. பிடி கச்சிதமாக விழுந்தால் பத்து விநாடிக்குள் நினைவு தப்பிவிடும். 'இன்னும் வலிக்கலையே, கொஞ்சம் பார்க்கலாம்' என்று நான் பார்த்தேன். அடுத்து எனக்குத் தெரிந்தது மேற்கூரையின் ட்யூப்லைட். என் இரண்டு கால்களையும் யாரோ தூக்கிப் பிடித்திருந்தார்கள். நான் தெளிவான குரலில், "பால் வந்தாச்சா?" என்று கேட்டிருக்கிறேன். அதற்கு முன்னால் குறட்டையும் விட்டேனாம். இன்றைக்கும் தண்ணீர் குடிக்கிற இடைவேளையில் பையன்கள் என்னைப் பார்த்துவிட்டு ஒருவருக்கொருவர் பால் விசாரிப்பார்கள்.

குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பது யாரோ மல்யுத்தக்காரனைப் பார்த்துச் சொன்னதாகத்தான் இருக்க வேண்டும். நாங்கள் உருள்கிற மேட் மேல் மண் கிடையாது, எனக்கு மீசையும் கிடையாது. அதனால் நான் வேறு வழி வைத்திருந்தேன். என்னைத் தட்டவைத்தவனுக்கு உடனே ஆலோசனை சொல்லிவிடுவேன். "நல்லாப் போட்டே. ஆனா இடுப்பை இன்னும் கொஞ்சம் ஒட்டி வச்சிருந்தா சுலபமா முடிச்சிருக்கலாம்." கேட்கிறவன் தலையாட்டுவான். பார்க்கிறவர்களுக்கு நான் அவனுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்த மாதிரி இருக்கும். ஒருநாள் மாஸ்டர் இதைக் கவனித்துவிட்டார். "அவன்தானே ஜெயிச்சான்? அவனை நாலு வார்த்தை சொல்ல விடுங்க, நீங்க கேளுங்க" என்றார். எனக்கு அன்று வீட்டில் அவசர வேலை வந்துவிட்டது.

போட்டிக்குப் போனதையும் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் நடந்தது. 76 கிலோப் பிரிவு. மனைவி, பையன், அங்கேயே இருக்கிற சித்தப்பா குடும்பம் என்று ஏழு பேர் எனக்குக் கைதட்ட வந்திருந்தார்கள். இரண்டு நாளாக வெள்ளரிக்காயும் மோரும்தான். வீட்டுத் தராசில் 75.4 காட்டியது. போட்டியன்று காலை, எதற்கும் இருக்கட்டும் என்று, தடித்த பருத்தியில் தைத்த அந்த ஜூஜிட்சு உடுப்பை மாட்டிக்கொண்டு அரங்கத்தை அரை மணி நேரம் சுற்றிச் சுற்றி ஓடினேன். வேர்வை ஆறாக ஓடியது. எடையே போய்விட்டது என்று சந்தோஷம்.

எடை பார்ப்பது உடுப்போடு. இது விதிப் புத்தகத்தில் இருக்கிறது. நான் படித்தும் இருக்கிறேன். வீட்டுத் தராசில் ஜட்டியோடு நின்றபோது அது நினைவுக்கு வரவில்லை. உடம்பிலிருந்து போன தண்ணீர் எங்கேயும் போகவில்லை, உடுப்பில்தான் ஊறிக்கொண்டிருந்தது. தராசு இரண்டையும் சேர்த்து 77.3 என்றது. ஒரு தடவைதான் ஏற்றுவார்கள். தாண்டினால் வெளியே. எதிராளியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சித்தப்பா மட்டும் விடாமல், "அப்போ நீ ஜெயிச்சியா தோத்தியா?" என்று மூன்று தடவை கேட்டார். திரும்புகிற ரயிலில் என் பங்கு பிரியாணியும் பையன் பங்கில் பாதியும் நான்தான் சாப்பிட்டேன்.

இதெல்லாம் கற்றுக்கொள்கிறவனின் தப்புகள், போகட்டும். எட்டு வருடத்தில் எப்படியோ ஒயிட், புளூ தாண்டி பர்ப்பிள் பெல்ட் வந்து சேர்ந்தது. இன்னும் பிரவுன், பிளாக் இருக்கின்றன. பர்ப்பிள் கட்டின இரண்டாம் மாதம், மாஸ்டர் சனிக்கிழமை குழந்தைகள் வகுப்பை என் தலையில் கட்டினார். ஏழிலிருந்து பதினோரு வயது வரை பதினாலு பிள்ளைகள். தப்புகள் மொத்த வியாபாரத்துக்கு வந்தது அதற்கப்புறம்தான்.

முதலில் பேச்சு. ஜிகோரோ கானோ 1882இல் டோக்கியோவில் கோடோகன் பள்ளியைத் தொடங்கியது, அங்கே ஜூடோ கற்ற மிட்சுயோ மயேடா 1914இல் பிரேசிலுக்குப் போனது, பெலேம் நகரத்தில் கார்லோஸ் கிரேஸி என்கிற இளைஞனுக்குக் கற்றுக்கொடுத்தது, கார்லோஸின் தம்பிதான் ஹீலியோ என்பது, ஹீலியோவின் மகன் ராய்ஸ் 1993இல் டென்வரில் நடந்த முதல் யூ.எஃப்.சி. சண்டைப் போட்டியில் தன்னைவிடக் கனமான மூன்று பேரை ஒரே ராத்திரியில் மடக்கியது எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்வேன். பெலேம் வருவதற்குள் பின்வரிசை படுத்துவிடும். ராய்ஸ் வரும்போது ஒரு பையன் நிஜமாகவே தூங்கிக்கொண்டிருப்பான். அவனைக் குறை சொல்ல நான் ஆளில்லை. நானும் அதே மேட்டில் தூங்கியவன்தான்.

அடுத்தது இறால். மல்லாந்து கிடப்பவர் இடுப்பைப் பின்னுக்கு இழுத்துத் தப்பிக்கிற அசைவுக்கு ஜப்பானிய மொழியில் எபி, அதாவது இறால், என்று பெயர். "இறால் மாதிரிப் போங்க" என்றேன். பாதிப் பேர் இறாலைப் பார்த்ததில்லை, சைவம். பார்த்த மீதிப் பேர் தட்டில்தான் பார்த்திருக்கிறார்கள். அசையாமல் சுருண்டு படுத்துக்கொண்டார்கள். தப்பு என்று சொல்ல முடியவில்லை.

படர்தாமரை விஷயத்தைச் சொல்லாமல் தாண்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஐப்பசி மழையில் சென்னையில் அந்த உடுப்பு காயவே காயாது. இரண்டு நாள் ஃபேனுக்கு அடியில் தொங்கினாலும் கக்கத்தில் ஈரம் இருக்கும். அதையே மாட்டிக்கொண்டு போனதில் என் தோள்பட்டையில் வட்டமாகச் சிவந்து அரிக்க ஆரம்பித்தது. வகுப்புக்கு வராமல் இருப்பதுதான் முறை. நான் முழுக்கைப் பனியனால் மூடிக்கொண்டு போனேன். போனதோடு நிற்காமல், நகம் வெட்டணும், உடுப்பைத் துவைக்கணும், தோலில் ஏதாவது வந்தால் மாஸ்டரிடம் சொல்லணும் என்று பத்து நிமிடம் சுத்தத்தைப் பற்றிப் பேசினேன். இரண்டு வாரத்தில் பெரியவர்கள் வகுப்பில் இரண்டு பேருக்கும், வீட்டில் என் மனைவிக்கும் வட்டம் வந்தது. மனைவியிடம் தெருமுனை சலூனைக் காரணம் சொன்னேன். இதுவரை திருத்தவில்லை. இந்தப் பத்தியை அவள் படித்தால் திருந்திவிடும்.

கடைசியாக நடந்ததற்குப் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். டிரையாங்கிள் என்று ஒரு பிடி. எதிராளியின் கழுத்தையும் ஒரு கையையும் நம் இரண்டு கால்களுக்குள் சிக்கவைத்து, ஒரு காலின் கணுக்காலை மற்றதன் முழங்கால் மடிப்புக்குள் பூட்ட வேண்டும். என் கால்கள் குட்டை, தொடை தடிமன். அவசரத்தில் கணுக்கால் மேல் கணுக்காலைப் போட்டுப் பூட்டிவிட்டு, "பார்த்தீங்களா, இப்போ அவனால நகர முடியாது" என்றேன். உள்ளே இருந்த பையன் சுலபமாகத் தலையை உருவிக்கொண்டு போனான்.

முன்வரிசையில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி. "மாஸ்டர், காலை மாத்திப் போட்டுட்டீங்க."

"கரெக்ட்! யாரு கவனிக்கிறீங்கன்னுதான் பார்த்தேன்" என்றேன். உலகத்து வாத்தியார்கள் எல்லாரும் சொல்கிற பொய். அவள் என்னை ஒரு விநாடி பார்த்தாள். பதில் சொல்லவில்லை.

கால் மணி நேரம் கழித்து ஜோடி ஜோடியாகப் பழகிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் தன் ஜோடிப் பையனின் மேல் பிடி போட்டாள். அவளும் காலை மாற்றிப் போட்டாள். அவன் "ஏய், தப்பு" என்றான். அவள் கொஞ்சமும் தயங்காமல், "தெரியும். நீ கவனிக்கிறியான்னு பார்த்தேன்" என்றாள். என் குரலில், என் தலையசைப்போடு. அன்று ஒரு மணி நேரத்தில் நான் சொல்லிக்கொடுத்ததில் அவளுக்குப் பிசிறில்லாமல் வந்தது அது ஒன்றுதான்.

வாரம் முழுக்க அது குடைந்தது. எந்தப் பிள்ளையும் பிறக்கும்போதே சாக்கோடு வருவதில்லை என்று நினைக்கிறேன். பி.காம். பெண்ணிடம் தட்டாததற்கு ஒரு முழங்கைதான் செலவு. ஒன்பது வயதுப் பெண்ணிடம் தட்டாததை அவள் வீடு வரைக்கும் கொண்டுபோய்விட்டாள். வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி சிரிக்கவில்லை. "சும்மா சொல்லிட வேண்டியதுதானே, மாத்திப் போட்டேன்னு" என்றாள். ஏழு பட்டன் ஞாபகம் வந்தது.

அடுத்த சனிக்கிழமை பதினாலு பேரையும் உட்காரவைத்தேன். கானோ, மயேடா எல்லாரையும் விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தேன். "போன வாரம் டிரையாங்கிள்ல காலை மாத்திப் போட்டேன்ல, அது யாரு கவனிக்கிறீங்கன்னு பார்க்கறதுக்கு இல்ல. நிஜமாவே தப்பாப் போட்டேன்." தொண்டை கொஞ்சம் அடைத்தது.

"தெரியும் மாஸ்டர்" என்றன ஏழெட்டுக் குரல்கள்.

பின்வரிசையிலிருந்து ஒருவன், "இன்னைக்கு கேம் உண்டா மாஸ்டர்?" என்றான்.

உண்டு என்றேன். மிச்ச நேரம் முழுக்க இறால் ரேஸ் நடந்தது. நானும் ஓடினேன். ஒன்பதாவதாக வந்தேன்.