தசரதனுக்கு முட்டி வலித்ததா?

எங்கள் பக்கத்தில் தலை நரைத்த பிறகு தகப்பன் ஆனவர்களைக் கணக்கெடுத்தால் முதல் பெயர் தசரதனுடையது. ஆள் அயோத்திக்காரர்தான். ஆனால் பிள்ளையில்லாக் குறைக்கு அவர் வந்து வேண்டிக்கொண்டது ராமநாதபுரத்துக்குத் தெற்கே இருக்கிற திருப்புல்லாணியில் என்று தலபுராணம் சொல்கிறது. இன்றைக்கும் பிள்ளை வரம் கேட்டு வருகிறவர்கள் சேதுக்கரையில் கடலாடி, ஆதிஜெகந்நாதப் பெருமாள் கோயிலில் நாகப் பிரதிஷ்டை செய்து, பாயசம் வாங்கிக் குடித்துவிட்டுப் போகிறார்கள். விசுவாமித்திரர் வந்து ராமனைக் கேட்கும்போது, தனக்கு வயது அறுபதாயிரம் ஆகிவிட்டதாகத் தசரதனே புலம்புவதாக வால்மீகி எழுதியிருக்கிறார். 2021-ல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி, சிகிச்சை பெறும் பெண் 50 வயதுக்குள்ளும் ஆண் 55 வயதுக்குள்ளும் இருக்க வேண்டும். தசரதனுக்கு இப்போது டோக்கன்கூடப் போடமாட்டார்கள்.

புராணம் வேண்டாம் என்றால் ராமேஸ்வரம் மசூதித் தெருவுக்கு வாருங்கள். அப்துல் கலாம் பிறந்தது 1931 அக்டோபர் 15. அவருடைய தகப்பனார் ஜைனுலாப்தீன் 1976-ல் காலமானபோது வயது 102 என்று கலாமே தன் சுயசரிதையில் சொல்கிறார். கழித்துப் பாருங்கள். கடைக்குட்டி பிறந்தபோது தகப்பனாருக்கு 57. சட்டப்படி அவருக்கும் டோக்கன் கிடையாது.

'அக்னிச் சிறகுகள்' புத்தகத்தை எல்லோரும் ராக்கெட்டுக்காகப் படிப்பார்கள். நான் படித்தது முட்டிக்காக. என் பையனுக்கு இப்போது எட்டு வயது, எனக்கு ஐம்பத்திரண்டு. ஐம்பத்தேழில் பிள்ளை பெற்ற ஒரு மனிதர் எப்படித்தான் நடமாடினார் என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் வராது. புத்தகத்தின் ஆரம்பத்திலேயே விடை இருக்கிறது. விடிவதற்கு முன் நாலு மணிக்கு எழுந்து தொழுகை. பிறகு வீட்டிலிருந்து நாலு மைல் தள்ளியிருந்த தென்னந்தோப்புக்கு நடை. திரும்பும்போது தோளில் ஒரு டஜன் தேங்காய். அதற்குப் பிறகுதான் காலைச் சாப்பாடு. வயது எழுபதை நெருங்கியபோதுகூட இந்த வழக்கம் மாறவில்லை என்கிறார் மகன். போக வர பதின்மூன்று கிலோமீட்டர். அதில் பாதித் தூரம் சுமையோடு. எங்கள் ஊர் ஜிம்மில் இரண்டு கையிலும் இரும்பைத் தூக்கிக்கொண்டு நடக்கச் சொல்கிறார்கள். அதற்கு 'ஃபார்மர்ஸ் வாக்' என்று பெயர். விவசாயம் பார்த்தவர் யாரும் அந்த வகுப்புக்கு வந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் மாவட்டத்தில் ஆண்பிள்ளைக்குக் கல்யாணம் ஏன் தள்ளிப்போகிறது என்பதற்கு ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். பாஸ்போர்ட்டைப் பார்த்தால் போதும். பத்தொன்பது இருபது வயதில் வளைகுடாவுக்கு ஏற்றிவிடுவார்கள். முதலில் ஏஜெண்ட் கடன், அப்புறம் மூத்த தங்கச்சி கல்யாணம், அப்புறம் சின்னவள், அப்புறம் ஓட்டு வீட்டைக் கான்கிரீட் ஆக்குவது. எல்லாம் முடிந்து ஜாதகத்தைக் கையில் எடுக்கும்போது போட்டோவில் இருக்கிற முடி தலையில் இருக்காது. எனக்கு நாற்பதில் கல்யாணம். என் மனைவிக்கு முப்பத்தாறு. அவளும் தம்பிமார்களைக் கரையேற்றிவிட்டு வந்தவள்தான். மதுரையில் ஒரு மருத்துவமனையில் அவளுடைய ஃபைலின் மேல் சிவப்பு மையில் 'ஹை ரிஸ்க்' என்று எழுதினார்கள். என் ஃபைலில் ஒன்றும் எழுதவில்லை. ஃபைலே போடவில்லை.

அந்தக் காலத்தில் வயதான தாய் இல்லாமலா இருந்தார்கள்? என் அப்பத்தாவுக்குக் கடைசிப் பிள்ளை பிறந்தபோது மூத்த மகளும் நிறைமாதம். ஒரே உத்தரத்தில் இரண்டு தொட்டில். மருமகனைவிட மாமன் பத்து நாள்தான் மூத்தவர்; இரண்டு பேரும் ஒரே வகுப்பில் படித்து, ஒரே பாடத்தில் பெயிலானார்கள். அப்பத்தா கூச்சத்தில் மாதக்கணக்கில் தெருவாசலுக்கே வரவில்லையாம். ஐயா மட்டும் டீக்கடையில் மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். கடைசிப் பிள்ளை அன்றைக்குத் தானாக வந்தது. இன்றைக்கு ஸ்கேன், ஊசி, தவணை என்று திட்டம் போட்டு வருகிறது. கூச்சம் மட்டும் பெண்ணுக்கு, பெருமை மட்டும் ஆணுக்கு என்ற பங்கீடு அப்படியே இருக்கிறது. பள்ளிக்கூட வாசலில் என் மனைவியிடம் 'லேட்டா?' என்று கேட்பவர்கள் என்னிடம் 'பரவாயில்லையே!' என்கிறார்கள்.

பையன் பிறந்த பிறகுதான் எனக்கு உடம்பு என்று ஒன்று இருப்பது தெரிந்தது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. வலது முட்டி மாடிப்படியில் தனியாகப் பேசுகிறது. முப்பது வயதுக்கு மேல் பத்து வருஷத்துக்கு மூன்றிலிருந்து எட்டு சதவீதம் வரை தசை கரையும் என்று மருத்துவர் ஒருவர் வட்டிக்கடைக்காரர் குரலில் எடுத்துச் சொன்னார். ஆகவே காலையில் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கத்தைச் சுற்றி வருகிறேன். கீழக்கரை வள்ளலும் ராமநாதபுரத்து மன்னரும் ஒரே பெயர்ப்பலகையில் சேர்ந்திருக்கிற இடம். உள்ளே வந்து பார்த்தால் ஊரில் பாதிப் பேருக்குச் சர்க்கரை என்று தெரிந்துவிடும்.

கையில் கடிகாரம். பத்தாயிரம் அடி நடந்தால் அது அதிர்ந்து வாழ்த்துச் சொல்லும். இந்தப் பத்தாயிரத்தை எந்த வைத்தியரும் கண்டுபிடிக்கவில்லை. 1965-ல் ஜப்பானில் ஒரு கம்பெனி தன் அடி எண்ணும் கருவிக்கு வைத்த பெயரிலிருந்து வந்தது. வயதான பெண்களை வைத்து 2019-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வு, ஏழாயிரத்து ஐந்நூறுக்கு மேல் பெரிய கூடுதல் பலன் தெரியவில்லை என்றது. அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து மீதி இரண்டாயிரத்து ஐந்நூறை டீக்கடையில் கழிக்கிறேன்.

இதில் ஒரு வேடிக்கை. முன்பெல்லாம் தனுஷ்கோடிக்கு ரோடு கிடையாது. 1964 டிசம்பர் புயல் ரயிலையும் ஊரையும் கொண்டுபோன பிறகு, அரிச்சல்முனையைப் பார்க்க வேண்டுமென்றால் மணலில் கால் புதையப் புதைய நடக்க வேண்டும், இல்லையென்றால் வேன்காரரைக் கெஞ்ச வேண்டும். சின்ன வயதில் நாங்கள் நடந்தோம். 2017-ல் கடைசிவரை தார் ரோடு வந்துவிட்டது. இப்போது குடும்பத்தோடு காரில் போய், கதவைத் திறந்து, செல்ஃபி எடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு திரும்புகிறோம். அன்றைக்கு நடக்காமல் விட்டதை மறுநாள் ஸ்டேடியத்தில் வந்து நடக்கிறோம்.

போன வருஷம் பையனை ராமநாதசுவாமி கோயிலில் 22 தீர்த்தம் ஆடக் கூட்டிப்போனேன். கிணற்றுச் சுவர்மேல் ஏறி நின்று வாளியை விட்டு, ஒரே இழுப்பில் மேலே கொண்டுவந்து தலையில் கவிழ்க்கிறவரைப் பார்த்திருப்பீர்கள். தோளும் முதுகும் கயிறும் ஒன்றாகத் தெரியும். ஒரு கிணற்றில் ஊற்றியவருக்குத் தலை முழுக்க நரை. என்னைவிட நிச்சயம் மூத்தவர். ஈரக் கல்தரையில் வழுக்காமல் இருக்க நான் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தவர், மேலேயிருந்து சொன்னார்: "பெரியவரே, நீங்க மெதுவா வாங்க. பேரன முன்னால விடுங்க."

பையன் திருத்தவில்லை. அடுத்த கிணற்றுக்கு ஓடிக்கொண்டே, "வாங்க தாத்தா!" என்றான்.

ஆக, அந்தக் காலத்து ஆட்கள் இரும்பு, நாம் தகரம் என்று எழுதி முடித்துவிடலாம். வாசகர்களும் சந்தோஷப்படுவார்கள். ஆனால் அது பொய். 1930-களில் இந்தியனின் சராசரி ஆயுள் முப்பத்திரண்டு வயது அளவில்தான் இருந்தது. குழந்தையிலேயே போனவர்கள், பிரசவத்தில் போனவர்கள், காலராவில் போனவர்கள் எல்லாரையும் கழித்த பிறகு மிச்சம் நின்றவர்களைத்தான் நாம் 'அந்தக் காலத்து உடம்பு' என்கிறோம். உழைப்பு உடம்பை வளர்க்கும் என்பதிலும் பாதிதான் உண்மை. பாம்பன் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அறுபது தாண்டியவர்களும் உண்டு. விரலில் துணியைச் சுற்றி, பாதத்தில் தகரத் தட்டைக் கட்டி, மூச்சை அடக்கி முங்கிப் பாறையிலிருந்து பாசியைப் பிய்த்துக்கொண்டு வருவார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமிக்கு 2015-ல் அமெரிக்காவில் சீகாலஜி விருது கிடைத்தது. அந்த நுரையீரல் எனக்கில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உப்புத் தண்ணீரும் தலைவலியும் இடுப்பு வலியுமாகக் கரையேறுகிறவரிடம் போய், 'என்ன ஃபிட்னஸ்!' என்று வியப்பதற்கு எனக்கு வாய் வராது.

ஜைனுலாப்தீன் விஷயத்தில் தேங்காயை எண்ணிக்கொண்டிருந்த நான், புத்தகத்தை மறுபடி எடுத்தபோது வேறொன்றை எண்ணினேன். அந்த வீட்டில் இருந்த ஆட்களை. தாயார் ஆஷியம்மாவின் அடுக்களையில் வீட்டாரைவிட வெளியாட்கள் அதிகம் சாப்பிட்டார்கள். தன்னைவிடப் பதினைந்து வயது மூத்த ஜலாலுதீனோடு சிறுவன் கலாம் சாயங்காலம் நடை போனார். உலக விஷயம் எல்லாம் அந்த நடையில்தான். யுத்த காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போனபோது, ஓடும் ரயிலிலிருந்து வீசப்பட்ட பத்திரிகைக் கட்டுகளைப் பிடிக்கக் கூப்பிட்டு, முதல் சம்பளம் கொடுத்தவர் உறவுக்கார அண்ணன் சம்சுதீன். பின்னால் எம்.ஐ.டி.யில் சேரப் பணம் இல்லாதபோது வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தவர் அக்கா ஜொஹரா. தகப்பனார் தொழுதார், நடந்தார், படகு கட்டினார், கேட்டால் பதில் சொன்னார். பையனோடு ஓடிப்பிடித்து விளையாடியதாக எங்கும் இல்லை. அவர் ஓட வேண்டிய அவசியமே வரவில்லை. ஓட ஆள் இருந்தது.

என் வீட்டில் மூன்று பேர். தங்கச்சி ஒருத்தி சிங்கப்பூரில், ஒருத்தி திருப்பூரில். அம்மா இருந்தவரைக்கும் அவள்தான் பேரனுக்குச் சோறு ஊட்டுவாள், இப்போது இல்லை. பையனுக்குக் குதிரையும் நான், எதிரணிப் பந்துவீச்சாளரும் நான், அடிபட்டால் டெட்டால் பாட்டிலும் நான். எட்டு வயதுப் பையனோடு ஈடுகொடுக்கும் உடம்பு எனக்கு வேண்டும் என்று ஸ்டேடியத்தைச் சுற்றுகிறேன். அந்தக் காலத்தில் ஈடுகொடுக்க பன்னிரண்டு வயது உடம்பு ஒன்று அடுத்த வீட்டில் சும்மா கிடைத்தது.

சைக்கிளையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் பழகியது வாடகை சைக்கிளில், குரங்குப் பெடல் போட்டு. பின்னால் சீட்டைப் பிடித்து ஓடியவன் அடுத்த தெரு அண்ணன். காசுக்குப் பாதி நேரம் அவனே ஓட்டுவான். என் அப்பாவுக்கு நான் சைக்கிள் ஓட்டுவேன் என்பதே நான் ரைஸ்மில்லுக்கு மூட்டை ஏற்றிப்போன அன்றைக்குத்தான் தெரியும். என் பையனுக்கு ஹெல்மெட், முழங்கை உறை, இரண்டு பக்கமும் குட்டிச் சக்கரம். குட்டிச் சக்கரத்தைக் கழற்றிய அன்று சாயங்காலம் முட்டிக்குப் பட்டை கட்டிக்கொண்டு சீட்டைப் பிடித்தபடி ஓடினேன். இருபது முப்பது அடி போனதும் மூச்சு முட்டியது. கையை விட்டால் விழுவான். விடாவிட்டால் நான் விழுவேன். அவன் திரும்பிப் பார்த்து, "அப்பா, நீங்க வேணா உட்காருங்க. நான் உருட்டிட்டு வர்றேன்" என்றான். அன்றைக்குக் கடிகாரம் என்னைப் பாராட்டி இரண்டு முறை அதிர்ந்தது.

என் மனைவி இதற்கெல்லாம் அலட்டிக்கொள்வதில்லை. "நீங்க தசரதன் மாதிரி பிள்ளைய கைக்குள்ளயே வச்சிருக்கீங்க. விசுவாமித்திரர் வந்தா அனுப்ப மாட்டீங்க" என்கிறாள். அவள் தமிழாசிரியை, சொன்னால் சரியாகத்தான் இருக்கும். விசுவாமித்திரருக்கு எங்கே போவது என்பதுதான் சிக்கல். தெருவில் பெரிய பையன்கள் எல்லாம் டியூஷனில் இருக்கிறார்கள்; டியூஷன் இல்லாதபோது செல்லில் இருக்கிறார்கள்.

அதனால் நடைப்பயிற்சி நண்பர்களுக்கும், பட்டணம்காத்தான் சுற்றுவட்டாரத்தில் இருக்கிற மற்ற பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பிள்ளை இருந்தால், பையனோ பொண்ணோ, சாயங்காலம் ஒரு அரைமணி நேரம் எங்கள் தெருப் பக்கம் அனுப்பி வையுங்கள். சைக்கிள் நம்முடையதுதான். வந்தால் சுண்டலும் உண்டு. சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடத் தெரிந்தால் போதும்.